ஆண்டிறுதிச் சொற்புதிர்: கட்டமும் கடற்கரையும்

(மண்டபத்தில் தொடக்கப் பள்ளி ஆசிரியர்கள், பெற்றோர் முன்னிலையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அவையில் அமர்ந்திருக்கும் ஆசிரியப் பெருமக்களுக்கும், பிள்ளைகளோடு வந்திருக்கும் பெற்றோருக்கும் என் வணக்கம்.

ஆண்டு இறுதித் தேர்வு முடிகிற நாள்களும் விசைப்படகுகள் கரையில் கட்டப்படுகிற நாள்களும் நம் பகுதியில் ஏறக்குறைய ஒன்றாகவே வருகின்றன. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். பாம்பனிலும் மண்டபத்திலும் தொண்டியிலும் தகப்பன்மார் கிழிந்த வலையைச் சரிசெய்துகொண்டும் படகுக்கு வண்ணம் பூசிக்கொண்டும் வீட்டுக்கு அருகிலேயே இருக்கும் காலம் அது. பிள்ளை கேட்டால் பதில் சொல்லப் பெரியவர்கள் பக்கத்தில் இருக்கும் அந்த நாள்களை மனத்தில் வைத்தே ஆண்டிறுதிச் சொற்புதிரை ஆக்க வேண்டும் என்பதுதான் நான் இன்று சொல்ல வந்த செய்தி.

முதலில் என் தவறு ஒன்றைச் சொல்கிறேன். பல ஆண்டுகளுக்கு முன் அச்சிட்ட புதிர்த்தாளை வாங்கி மூன்றாம் வகுப்பில் கொடுத்தேன். அதில் 'தோணி' என்னும் விடைக்கு நான்கு கட்டங்கள் இருந்தன: கொம்புக்கு ஒன்று, தகரத்துக்கு ஒன்று, காலுக்கு ஒன்று, 'ணி'க்கு ஒன்று. 'தோ' என்பது ஓர் எழுத்து என்று ஆண்டு முழுவதும் சொல்லிக்கொடுத்த நானே, கடைசி நாளில் அதை மூன்றாக உடைத்த தாளைப் பிள்ளைகள் கையில் கொடுத்துவிட்டேன். "டீச்சர், கட்டம் மிச்சமாயிருக்கே, நான் தப்பா எழுதிட்டேனா?" என்று ஒரு பையன் கண்கலங்கிக் கேட்டான். அவன் எழுதியது சரி, தாள்தான் தவறு. அன்று முதல் புதிர்களை நானே வரையத் தொடங்கினேன்.

உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1 என நம் எழுத்துகள் 247. ஓர் எழுத்துக்கு ஒரு கட்டம்; புள்ளி வைத்த மெய்க்கும் தனிக் கட்டம். 'மீன்' இரண்டு, 'கடல்' மூன்று, 'கணவாய்' நான்கு. குறுக்கெழுத்துப் புதிரை ஆர்தர் வின் என்பவர் 1913 டிசம்பர் 21 அன்று நியூயார்க் வேர்ல்டு நாளிதழில் வெளியிட்டபோது, அது 26 எழுத்துள்ள மொழிக்காகப் பிறந்தது. அங்கே இரண்டு சொற்கள் வெட்டிக்கொள்ள ஒரு பொது எழுத்து எளிதில் அகப்படும். நமக்கோ அதே உயிர்மெய் இரண்டு சொல்லிலும் இருக்க வேண்டும். 'கணவாய்' 'மணல்' இரண்டும் 'ண'வில் வெட்டிக்கொள்ளும். 'கணவாய்' 'தோணி' வெட்டிக்கொள்ளா, ஏனெனில் 'ண' வேறு, 'ணி' வேறு. ஆகவே நெருக்கமான பெரிய கட்டத்தை விட்டுவிட்டு ஐந்தாறு சொற்களோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

அந்தாதி நம்முடைய மரபு என்பதால், ஒரு சொல்லின் கடைசி எழுத்தில் அடுத்த சொல்லைத் தொடங்கும் சொற்சங்கிலியைப் பலரும் விரும்புகிறார்கள். ஆனால் மெய்யெழுத்தில் தமிழ்ச்சொல் தொடங்குவதில்லை. 'லை', 'டு', 'றா' போன்றவற்றிலும் தொடங்குவதில்லை. 'வலை' என்று தொடங்கிய குழந்தை அடுத்த அடி வைக்க இடமின்றி நின்றுவிடும். எனவே ஆசிரியர் முன்கூட்டியே பாதை போட்டு வைக்க வேண்டும். படகு, குருத்து, துடுப்பு, புயல். பாசி, சிப்பி, பிஞ்சு, சுறா. சங்கிலி எங்கே அறுகிறது, ஏன் அறுகிறது என்று பிள்ளைகளே கண்டுபிடித்தால், மொழிமுதல் எழுத்துகளைப் பற்றித் தனிப்பாடம் நடத்தத் தேவையிராது.

நம் பிள்ளைகள் அதிகமாகத் தடுமாறுவது லகர, ளகர, ழகரங்களில். பத்து முறை எழுதச் சொல்லித் திருத்துவதைவிடப் புதிரால் திருத்துவது நிலைக்கிறது என்பதை நான் கண்கூடாகக் கண்டிருக்கிறேன். 'நண்டு தானே தோண்டி நுழைவது ஒன்று, மீன் தெரியாமல் நுழைவது ஒன்று. இரண்டையும் எழுது' என்றால், விடை வளையும் வலையும். கரையோரம் நண்டு வளைக்குள் குச்சி விட்டுப் பார்த்த பிள்ளைக்கு அந்த 'ளை' பிறகு மறக்காது. அவ்வாறே 'கடலில் வெள்ளிபோல் மின்னும், தோட்டத்தில் குலை தள்ளும்' என்பது வாளையும் வாழையும்.

விடுகதை நமக்குப் புதியதன்று. தொல்காப்பியம் அதைப் 'பிசி' என்று பெயரிட்டுச் செய்யுளியலில் வைத்திருக்கிறது. 'தண்ணீரில் பிறந்து தண்ணீரில் மறைவான்' என்று வாலிநோக்கம் உப்பளத்துப் பக்கத்துப் பிள்ளையிடம் கேட்டுப் பாருங்கள். விடை வருவதற்கு முன் சிரிப்பு வரும்.

இனி வீட்டுக்குப் போகும் புதிர். 'மேற்கிலிருந்து வீசும் காற்று' என்று குறிப்பு எழுதி, ஒரு வரியில் இரண்டு கட்டமும் மறு வரியில் நான்கு கட்டமும் வரைகிறேன். இரண்டு கட்டத்துக்கு 'கோடை' என்பது வகுப்பில் படித்தது. நான்கு கட்டத்துக்குரிய 'கச்சான்' அப்பாவிடமோ தாத்தாவிடமோ இருக்கிறது. பிள்ளை போய்க் கேட்க வேண்டும். பாசி எடுக்கப் போகும் தாய்மாரிடமும் பனையோலை முடையும் பாட்டிமாரிடமும் இப்படிக் கேட்டு வாங்க வேண்டிய சொற்கள் நிறைய உண்டு. ஊருக்கு ஊர் மீனின் பெயர் மாறும். பிள்ளை வேறு பெயரோடு திரும்பினால் அதைத் தவறென்று அடிக்காமல் பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள். இந்தத் தாளுக்கு மதிப்பெண் வேண்டாம் என்று உங்களை மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன். மதிப்பெண் வந்த உடனே பெரியவர்கள் விடையைத் தாங்களே எழுதிக் கொடுத்துவிடுகிறார்கள், பேச்சு நின்றுபோகிறது.

தாளின் பின்பக்கத்தை எப்போதும் வெறுமையாக விடுவேன். அதில் பிள்ளையே ஒரு புதிர் ஆக்கி ஜூனில் கொண்டுவர வேண்டும். ஓராண்டு நான்காம் வகுப்புக்குப் போன சிறுமி ஒருத்தி தன் தாத்தாவோடு சேர்ந்து ஆக்கியதைக் காட்டினாள். 'நான் இறங்கினால் படகு நிற்கும், நான் ஏறினால் படகு போகும்' என்று எழுதி, அதன் கீழே பென்சிலால் கட்டம் போட்டிருந்தாள். எண்ணிப் பார்த்தேன்: ந, ங், கூ, ர, ம். சரியாக ஐந்து கட்டங்கள்.