நூலக வாரம் முடிஞ்சா ஏன் யாரும் வர்றதில்லை? கோத்தகிரி தங்கச்சியோட கேள்வி

வணக்கம்ங்க. இன்னைக்கு நாலஞ்சு கேள்விக்குப் பதில் சொல்லிடலாம்னுதான் உக்காந்தேன். ஆனா ஒரு கேள்வி ரெண்டு நாளா மனசுல சுத்திக்கிட்டே இருக்கு. அதனால இன்னைக்கு அது மட்டும்தான். மத்தவங்க கோவிச்சுக்காதீங்க, உங்க கேள்வியெல்லாம் எடுத்து வச்சிருக்கேன்.

நீலகிரியில கோத்தகிரிக்குப் பக்கத்துல ஒரு ஹட்டியிலேர்ந்து, அதாவது படுகர் ஊர்லேர்ந்து, ஒரு தங்கச்சி எழுதியிருக்காங்க. டீ ஃபேக்டரி ஆபீஸ்ல கணக்கு எழுதுறாங்களாம். அப்படியே வாசிக்கிறேன். "ஐயா, எங்க ஊர் நூலகத்துல வருஷா வருஷம் நவம்பர்ல நூலக வார விழா நடக்குது. பேச்சுப்போட்டி, ஓவியப்போட்டி வைக்கிறாங்க. பிள்ளைங்க கூட்டமா வருது, பரிசு வாங்குது. அடுத்த வாரம் போய்ப் பார்த்தா நாலு பெரியவங்க பேப்பர் படிக்கிறாங்க, ரெண்டு பசங்க டிஎன்பிஎஸ்சிக்குப் படிக்கிறாங்க, அவ்வளவுதான். இன்னும் நிறைய நிகழ்ச்சி வச்சா ஆளுங்க வருவாங்களா? எங்களை மாதிரி வெளியாளுங்க நிகழ்ச்சி நடத்த விடுவாங்களா?"

கடைசிக் கேள்விக்குச் சட்டுனு பதில் சொல்லிடறேன். விடுவாங்கம்மா. நம்ம பொது நூலகங்கள்ல வாசகர் வட்டம்னு ஒண்ணு இருக்கு. அதுக்குன்னு ஒரு தலைவர், உறுப்பினர்கள் எல்லாம் உண்டு. உங்க ஊர்ல அது பேருக்கு இருக்கலாம், நல்லாவும் நடக்கலாம், நூலகர்கிட்ட போய்க் கேளுங்க. உறுப்பினரா சேர்ந்துட்டீங்கன்னா நீங்க வெளியாள் கிடையாது. அதுக்கு மேல ஏதாவது கடிதம் வேணும்னா நூலகரே மாவட்ட நூலக அலுவலருக்கு எழுதிடுவார். தயங்காதீங்க. நீங்க வீட்டு வரி கட்டுறப்போ அதுல நூறு ரூபாய்க்குப் பத்து ரூபாய் நூலக வரியாவும் சேர்த்துத்தான் கட்டுறீங்க. 1948-ல வந்த சட்டம் அது. சுதந்திர இந்தியாவுல நூலகத்துக்குன்னு முதல்ல சட்டம் போட்டது நம்ம மாகாணம்தான். அந்தக் கட்டடத்துல இருக்கிற ஒவ்வொரு அலமாரியிலயும் உங்க ஹட்டிக்காரங்க காசு இருக்கு.

ஊட்டியில நீலகிரி லைப்ரரி இருக்கே, 1859-ல ஆரம்பிச்சது, சிஷோம்ங்கிற வெள்ளைக்காரக் கட்டடக் கலைஞர் வரைஞ்சு கொடுத்த கட்டடம், பார்க்கவே அவ்வளவு அழகா இருக்கும். ஆனா அது சந்தா கட்டின உறுப்பினர்களுக்கானது. அதைப் பார்த்துப் பார்த்தே நம்ம மலையில நிறைய பேருக்கு நூலகம்னாலே "அது நமக்கில்ல"ங்கிற எண்ணம் உள்ளுக்குள்ள ஊறிப்போச்சு. கிளை நூலகமும் ஊர்ப்புற நூலகமும் அந்த மாதிரி இல்லீங்க. அது உங்களோடது.

சரி, முதல் கேள்விக்கு வர்றேன். நிறைய நிகழ்ச்சி வச்சா ஆள் வருவாங்களா?

வருவாங்க. நிகழ்ச்சிக்கு வருவாங்க. பேச்சுப்போட்டிக்கு ஒரு பிள்ளை வர்றதுக்கு முன்னாடி என்ன நடக்குதுன்னு பாருங்க. அப்பாவோ டீச்சரோ ஒரு பக்கம் எழுதிக் கொடுக்கிறாங்க, பிள்ளை அதை மனப்பாடம் பண்ணுது, மேடையில சொல்லுது, பரிசு வாங்கிட்டு வீட்டுக்குப் போகுது. இதுல எந்த இடத்துலயும் அந்தப் பிள்ளை ஒரு புஸ்தகத்தைத் திறக்கவே இல்லையே. போட்டி வேணாம்னு நான் சொல்லலை. மேடை ஏறுற தைரியம் வரும், நல்லதுதான். ஆனா அதுலேர்ந்து ஒரு வாசகர் வருவார்னு நாம காத்திருந்தா அது நடக்காது.

நம்ம பேச்சை ரொம்ப நாளா கேக்குறவங்களுக்கு நான் இப்போ எங்க வரப்போறேன்னு தெரிஞ்சிருக்கும். ஆமா, அதே இடம்தான். உரக்க வாசிக்கிறது. ஒருத்தர் வாசிக்க, நாலு பேர் கேக்கறது. இதை எத்தனை தடவை சொன்னாலும் எனக்கு அலுக்கலை, ஏன்னா இதைத்தான் நான் கண்ணால பார்த்திருக்கேன்.

ஒரு விஷயம் சொல்றேன். இதுவும் கோத்தகிரி பக்கம்தான். நாலாவது படிக்கிற ஒரு பாப்பா, நூலகத்துலேர்ந்து ஒரு கதைப் புஸ்தகம் எடுத்துட்டுப் போச்சு. வெளிநாட்டுக் கதை, தமிழ்ல போட்டது. கரண்ட் இல்லாத ஒரு சாயங்காலம் அவங்க ஹெத்தைக்கு, அதாவது பாட்டிக்கு, செல்ஃபோன் வெளிச்சத்துல வாசிச்சுக் காட்டியிருக்கு. தமிழ்ல ஒரு வரி வாசிக்கிறது, படுகு மொழியில அதையே சொல்றது, இப்படியே போயிருக்கு. கதையில ஒரு கரடி. பனிக்காலம் வந்ததும் குகைக்குள்ள போய்ப் படுத்துத் தூங்குது, வசந்தம் வந்தாத்தான் எந்திரிக்குது. பாட்டி நிறுத்திட்டாங்க. "யாரு சொன்னா? கரடி தூங்குமா? போன தை மாசம் உறைபனி கொட்டுற ராத்திரியில கோயில் கதவை உடைச்சு விளக்குல இருந்த எண்ணெயைக் குடிச்சிட்டுப் போச்சே, அது எந்தக் கரடி? இந்தப் புஸ்தகம் தப்பு" அப்படின்னுட்டாங்க.

பாப்பாவுக்குப் பெரிய குழப்பம். புஸ்தகம் தப்பா, பாட்டி தப்பா? சனிக்கிழமை நேரா நூலகத்துக்கு வந்து கேட்டது, "கரடி பத்தி வேற புஸ்தகம் இருக்கா சார்?" நான் அப்போ அங்க இருந்தேன். வனவிலங்குப் புஸ்தகம் ஒண்ணை எடுத்தோம். அதுல நம்ம ஊர்க் கரடி, அசல் கரடி, படத்தோட இருந்துச்சு. கறையானும் தேனும் பழமும் தின்னும், பனிக்காலத்துல நெடுந்தூக்கம் போடாது, தாய்க்கரடி குட்டிங்களை முதுகுல ஏத்திக்கிட்டு நடக்கும். குளிர்நாட்டுக் கரடி பல மாசம் தூங்குறதும் நிஜம், நம்ம கரடி தூங்காததும் நிஜம். பாப்பா அந்தப் பக்கத்தை மறுபடி மறுபடி வாசிச்சுட்டு, அந்தப் புஸ்தகத்தையும் எடுத்துக்கிட்டுப் போச்சு. பாட்டி அந்த முதுகுக் குட்டிப் படத்தை வெளிச்சத்துல சாய்ச்சு வச்சுப் பார்த்துட்டு, தேயிலைக்காட்டுல தான் பார்த்த கரடியையும் குட்டியையும் பத்தி அரை மணி நேரம் பேசினாங்களாம்.

இதுல என்ன நடந்துச்சு பாருங்க. ஒரு பிள்ளை ஒரு சந்தேகத்தோட, தானா, நூலகத்துக்கு வந்துச்சு. எழுத்துக் கூட்டத் தெரியாத ஒரு அம்மா புஸ்தகத்தோட சண்டை போட்டாங்க. அவங்களும் வாசகர்தான். நூலகவியல் அறிஞர் ரங்கநாதன் நூலகத்துக்குன்னு அஞ்சு விதி சொன்னார் இல்லையா, அதுல ரெண்டாவது, ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான நூல். அந்தப் பாட்டியை வாசகர் கணக்குல சேர்க்காம அந்த விதி நிறைவேறாதுங்க.

இப்போ அந்தத் தங்கச்சி கேட்டிருந்தா இன்னும் சந்தோஷப்பட்டிருப்பேன்னு நான் நினைக்கிற கேள்வி என்னன்னா, "எங்க ஊர்ல நூலகத்துக்கு வரவே முடியாதவங்க யார் யாரு?" அதை எழுதிப் பாருங்கம்மா. ஒரு தாள்ல எழுதுங்க. பசுந்தேயிலை பறிக்கப் போற பெண்கள். காலையில போனா எடை போட்டுட்டு வீடு வந்து சேர பொழுது சாஞ்சிடும், அப்புறம் அடுப்பு, தண்ணி, பிள்ளைங்க. முட்டி வலியில படி இறங்க முடியாத பெரியவங்க. நம்ம ஊர்ல எந்த வீட்டுக்குப் போனாலும் ஏத்தம் இல்ல இறக்கம். நூலகத்துக்கும் வீட்டுக்கும் நடுவுல நூறு படி இருந்தா அவருக்கு அது வேற ஊர் மாதிரி. கூடலூர், சேரம்பாடி பக்கம் லயன் வீடுகள்ல, அதாவது தோட்டத் தொழிலாளர்களோட வரிசை வீடுகள்ல, இருக்கிறவங்க. சாயங்காலம் ஆறு மணிக்கு மேல யானைக்குப் பயந்து வெளிய வராத குடும்பங்க. இவங்க யாரும் உங்க ஓவியப்போட்டிக்கு வரப்போறதில்லை.

அப்போ புஸ்தகம்தான் போகணும். முன்னாடி நான் பேசின மாட்டுவண்டி நூலகப் பேச்சைக் கேட்டவங்களுக்கு இது தெரிஞ்ச கதை. 1931 அக்டோபர் 21, மன்னார்குடி பக்கம் மேலவாசல்ல, கனகசபைப் பிள்ளைங்கிற பொறியாளர் ஒரு மாட்டுவண்டியில புஸ்தகத்தை அடுக்கி ஊர் ஊரா அனுப்பினார். ரங்கநாதன்தான் அதைத் தொடங்கி வச்சார். ரோடு இல்லை, பஸ் இல்லை, படிச்சவங்களும் கொஞ்சம் பேர்தான். அந்தக் காலத்துலயே ஜனங்க வரட்டும்னு உக்காந்திருக்கலை. வண்டியைக் கட்டினாங்க.

இன்னைக்கு நமக்கு வண்டி கூட வேண்டாம். நூலக நண்பர்கள்னு அரசுத் திட்டமே இருக்கு. தன்னார்வலரா பதிவு பண்ணிக்கிட்டா, நூலகத்துலேர்ந்து புஸ்தகங்களை எடுத்துட்டுப் போய், வர முடியாதவங்க வீட்டுல கொடுத்து, திருப்பி வாங்கிட்டு வரலாம். வயசானவங்க, மாற்றுத்திறனாளிகள், உடம்பு சரியில்லாதவங்க இவங்களுக்காகவே வந்த திட்டம். உங்க நூலகர்கிட்ட இதைக் கேளுங்க. நிகழ்ச்சிக்கு அனுமதி கேக்கறதை விட இதைக் கேளுங்க.

எப்போ போறதுன்னா, ஞாயித்துக்கிழமை. கிளை நூலகங்களுக்கு வார விடுமுறை வெள்ளிக்கிழமை, ஞாயிறு திறந்திருக்கும். தோட்ட வேலைக்காரங்களுக்கு லீவு ஞாயிறு. ரெண்டும் எவ்வளவு அழகாப் பொருந்துது பாருங்க. கொடைக்கானல்ல ஞாயிறு சந்தைக்கு மேல்மலை ஜனங்கள்லாம் இறங்கி வருவாங்க. அங்க இருக்கிற நம்ம நண்பர்களும் இதை யோசிங்க. பூண்டு மூட்டையோட வர்றவர் திரும்பிப் போறப்போ ரெண்டு புஸ்தகத்தோட போகலாமே.

அந்த டிஎன்பிஎஸ்சி பசங்களைப் பத்தி ஒரு வார்த்தை. "அவ்வளவுதான்"னு எழுதியிருக்கீங்க. அப்படிச் சொல்லாதீங்கம்மா. ஒரே அறை வீட்டுல, தம்பி தங்கச்சி சத்தத்துக்கு நடுவுல படிக்க முடியாத பிள்ளைங்க அங்க வந்து ஒரு மேசையும் நாற்காலியும் அமைதியும் கிடைச்சு உக்காந்திருக்காங்க. அது நூலகம் செய்யுற பெரிய சேவை. அவங்களையே கேளுங்க. ஞாயித்துக்கிழமை ஒரு அரை மணி நேரம் லயனுக்கு வந்து பேப்பர் வாசிப்பீங்களான்னு. நடப்பு நிகழ்வு எப்படியும் படிக்கணும், சத்தமா படிச்சா அவங்களுக்கும் மனசுல நிக்கும்.

மழைக்காலத்துல புஸ்தகம் வெளிய போனா நனைஞ்சிடும், பூஞ்சணம் பிடிச்சிடும்னு நூலகர் தயங்கலாம். நியாயமான கவலைதான். தேவாலாவுல ஆனி ஆடியில பெய்யுற மழையில அலமாரிக்குள்ள இருக்கிற புஸ்தகமே பூத்துப் போகும். அதனால கெட்டிப் பிளாஸ்டிக் உறையில போட்டு அப்புறம் துணிப்பையில வைங்க. நனைஞ்சு வந்தா அடுப்புக்கு மேல காய வைக்காதீங்க. தாள் சுருண்டு அட்டை பிரிஞ்சிடும், புகையும் ஏறிடும். வெயில்லயும் வேண்டாம். நிழல்ல, காத்தோட்டமா, பக்கங்களை விசிறி மாதிரி விரிச்சு நிக்க வைங்க. நடுநடுவுல பழைய செய்தித்தாளை வச்சு, ஈரம் இழுத்ததும் மாத்துங்க. பூஞ்சணம் வந்திருந்தா நல்லாக் காஞ்சதுக்கப்புறம், வெளிய கொண்டுபோய், மூக்கைக் கட்டிக்கிட்டு, மெத்துனு இருக்கிற பிரஷ்ஷால தட்டி விடுங்க. உள்ள வச்சுத் தட்டினா பக்கத்துப் புஸ்தகத்துல போய் உக்காந்துக்கும். அலமாரியைச் சுவத்துல ஒட்டி வைக்காம நாலு விரக்கடை தள்ளி வச்சா பாதிப் பிரச்சினை தீரும். சும்மா பூட்டி வச்சிருக்கிற புஸ்தகத்துக்குத்தான் ராமபாணப் பூச்சி சீக்கிரம் வரும். நாலு கை மாறுற புஸ்தகம் அந்த விஷயத்துல தப்பிச்சுக்கும்.

முதல் ஞாயிறு என்ன வாசிக்கிறதுன்னு கேப்பீங்க. அறிவுரைப் புஸ்தகம் வேண்டவே வேண்டாம். வாரம் பூரா மேஸ்திரிகிட்ட கேட்டுட்டு வர்றவங்க அவங்க. பேப்பர்ல மாவட்டச் செய்தி இருக்கிற பக்கத்துலேர்ந்து ஆரம்பிங்க. தேயிலை விலை, சிறுத்தை நடமாட்டம், ரோடு வேலை, அவங்களுக்குத் தெரிஞ்ச ஊர்ப் பேருங்க வரணும். உடனே ஒருத்தர் குறுக்கப் பேசுவார், "அந்த வளைவுல இல்லைங்க, அதுக்கு மேல இருக்கிற வளைவு"ன்னு. பேசட்டும், நிறுத்திக் கேளுங்க. அப்புறம் பிள்ளைங்களை வாசிக்கச் சொல்லுங்க. அரசுப் பள்ளியில வாசிப்பு இயக்கப் புஸ்தகங்க இருக்கே, நுழை, நட, ஓடு, பறன்னு படிப்படியா, சின்னச் சின்னதா, அதை ஒரு பிள்ளை தடுமாறி வாசிச்சாலும் அவங்க அம்மா முகத்தைப் பாருங்க. கொஞ்ச நாள் போனதும் ஒரு பெரிய கதையைக் கையில எடுங்க. ஒரே நாள்ல முடிக்காதீங்க. யாரு செத்தாங்கன்னு தெரியறதுக்கு ஒரு பக்கம் முன்னாடி மூடிட்டு, டீயைக் குடிச்சிட்டுக் கிளம்பிடுங்க.

தங்கச்சி, ஆரம்பிச்சீங்கன்னா எழுதுங்க. யாரு வாசிச்சாங்க, யாரு குறுக்கப் பேசினாங்கன்னு அதையும் எழுதுங்க. அடுத்த வாரம் பந்தலூர் நண்பர் கேட்டதை எடுத்துக்கலாம், ஊர்ப்புற நூலகத்துக்கு இடம் கொடுக்க ஆசைப்படறாராம். வணக்கம்ங்க.