ஒன்பது ஏக்கரும் ஒரு கையெழுத்தும்

அனைவருக்கும் வணக்கம்.

சட்டம் முந்தியா, சமூகம் முந்தியா என்று பேச அழைத்திருக்கிறார்கள். சிவில் வழக்குகளிலேயே காலம் தள்ளிய எனக்கு எதைச் சொன்னாலும் நிலத்தில்தான் போய் நிற்கும். அதனால் ஒரு கணக்கிலிருந்து தொடங்குகிறேன்.

ஒன்பது ஏக்கர் பூர்வீக நிலம். அப்பாவுக்கு இரண்டு பையன்கள், ஒரு பெண். அம்மா முன்பே காலமாகிவிட்டார். 1956ஆம் வருட இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, உயில் எழுதாமல் அப்பா இறந்தால் பெண்ணுக்கு எவ்வளவு? மூன்று ஏக்கர் என்று அவசரப்படாதீர்கள். பூர்வீகச் சொத்தில் பங்காளி என்றால் அன்றைக்கு ஆண்தான். முதலில் அப்பாவும் பையன்களும் ஆளுக்கு மூன்று ஏக்கர் பிரித்துக்கொண்டதாகக் கணக்கு வைப்பார்கள். அப்புறம் அப்பாவின் மூன்று ஏக்கரைப் பிள்ளைகள் மூவருக்கும் பிரிப்பார்கள். பையன்களுக்கு நாலு நாலு ஏக்கர், பெண்ணுக்கு ஒன்று.

அந்த ஒன்று வருவதற்கே பெரும்பாடு. பெண்களுக்குச் சொத்துரிமை தர வந்த இந்துச் சட்டத் தொகுப்பு மசோதா முடங்கிப்போன கசப்போடுதான் 1951இல் அம்பேத்கர் மந்திரிசபையை விட்டு வெளியேறினார்.

நம் ஊரில் இந்தப் பேச்சு அதற்கும் பழையது. 1929இல் செங்கல்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு பெண்ணுக்கும் சொத்தில் சம உரிமை வேண்டும் என்று தீர்மானம் போட்டது. அது சட்டமாக அறுபது வருடம் ஆனது. நாம்தான் முதல் என்று மேடைகளில் மார்தட்டுவதுண்டு. ஆந்திரா சில வருடம் முந்திக்கொண்டது. சரி, அது போகட்டும். 1989 மார்ச் 25 முதல் தமிழ்நாட்டில் மகளும் பிறப்பாலேயே பங்காளி. ஆனால் அந்தத் தேதிக்கு முன் கல்யாணம் ஆனவளுக்குக் கிடையாது. அக்காவுக்கு அந்தத் தை மாதம் தாலி ஏறியிருக்கும், தங்கைக்கு வைகாசியில். தங்கை பங்காளி, அக்கா விருந்தாளி! ‘கட்டிக்கொடுத்தாச்சு, சீர் செஞ்சாச்சு’ என்ற திண்ணைப் பேச்சுக்குச் சட்டம் கொடுத்த சலுகை அது என்றே நான் நினைக்கிறேன்.

2005 செப்டம்பர் 9இல் அமலான மத்தியச் சட்டத் திருத்தம் அந்தப் பாகுபாட்டை அழித்தது. ஆனாலும் அந்தத் தேதியில் அப்பா உயிரோடு இருந்திருக்க வேண்டுமா என்று பதினைந்து வருடம் இழுத்தது. ஆமாம் என்றது 2015ஆம் வருடத் தீர்ப்பு. தேவையில்லை, உரிமை பிறப்பால் வருவது என்று 2020 ஆகஸ்டில் வினீதா ஷர்மா வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் முடித்துவைத்தார்கள். இன்றைக்கு அந்த ஒன்பது ஏக்கர் மூன்று, மூன்று, மூன்று.

காகிதத்தில் அப்படி. சார்பதிவாளர் அலுவலகத்து வேப்பமரத்தடியில் ஒரு முகூர்த்த நாளில் போய் நின்று பாருங்கள். அண்ணன் காரில் தங்கை வந்து இறங்குவாள். தன் பங்கை அண்ணனுக்கு விட்டுக்கொடுப்பதாக எழுதி வைத்த விடுதலைப் பத்திரம் தயாராக இருக்கும். சட்டம் அவளுக்குப் பங்கு கொடுத்ததால்தான் இப்போது அவள் கையெழுத்தே தேவைப்படுகிறது. முன்பு அவளை யாரும் கேட்கக்கூட மாட்டார்கள். “ஏம்மா போடுற?” என்று ஒரு பெண்ணிடம் கேட்டேன். “நாளைக்குப் புள்ளைக்குக் காது குத்தணும் சார், தாய்மாமன் மடி வேணும்ல?” என்றாள். எனக்குப் பதில் வரவில்லை. மூன்று ஏக்கரையும் மாமன் மடியையும் எந்தத் தராசில் நிறுப்பது? மனமொப்பிப் போட்ட கையெழுத்து என்றுதான் பத்திரம் சொல்லும். ஏமாற்றியோ மிரட்டியோ வாங்கியது என்று நிரூபித்தால் ரத்து செய்யலாம். பாசத்தைக் காட்டி வாங்கியதை எப்படி நிரூபிப்பது?

போன வருடம் ஒரு பெரியவர் வந்தார். தானே சம்பாதித்து வாங்கிய வீடு. மகனுக்கும் மகளுக்கும் சரிபாதி என்று உயில் எழுதச் சொன்னார். “உயில் இல்லாவிட்டாலும் ரெண்டு பேருக்கும் சமபங்குதானே ஐயா?” என்றேன்.

“தெரியும் வக்கீலய்யா. ஆனா நான் போன பதினாறாம் நாளே இவன் அவகிட்ட விடுதலை எழுதி வாங்கிருவான். அப்பா கைப்பட எழுதி வச்சதுன்னா அவளுக்கும் வேண்டாம்னு சொல்ல வாய் வராது” என்றார். பதிவு முடிந்து படியிறங்கும்போது திரும்பிப் பார்த்து, “பையன் கேட்டா வரி கட்ட வந்தேன்னு சொல்லிடுங்க” என்றார்.