அங்கியைத் துவைத்த கைகள்

வணக்கம் நேயர்களே.

அமெரிக்காவில் தோன்றிய மார்மன் சபையின் தொடக்ககாலத் தலைவர்களைப் பற்றியும், அவர்கள் பேச்சைக் கேட்டுச் சபையில் சேர்ந்தவர்களைப் பற்றியும் பேசச் சொல்லி அழைத்திருக்கிறார்கள். தலைவர்கள் என்றாலே ஜோசப் ஸ்மித், பிரிகம் யங் என்ற இரண்டு பெயர்கள் வந்துவிடும். இருவரும் அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் எளிய குடும்பங்களில் பிறந்தவர்கள். இவர்களுடைய வாழ்க்கையை நான் ஒரு சலவைத் தொட்டியின் பக்கத்தில் நின்று பார்த்துச் சொல்ல ஆசைப்படுகிறேன். இரண்டு வீடுகளிலும் வேலை செய்த ஒரு பெண் இருந்தார். அவர் பெயர் ஜேன் மானிங். கல்யாணத்துக்குப் பிறகு ஜேன் மானிங் ஜேம்ஸ்.

1822 வாக்கில் கனெக்டிகட் மாநிலத்தில் வில்டன் என்ற ஊரில் பிறந்தவர். கறுப்பினத்தவர், ஆனால் அடிமையாகப் பிறந்தவர் இல்லை. இந்த வேறுபாட்டை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும். ஆறு வயதில் ஒரு வெள்ளைக்காரக் குடும்பத்தில் வேலைக்கு விடப்பட்டு, அங்கேயே வளர்ந்தார். பெரியவளானதும் ஊர்த் திருச்சபையில் சேர்ந்தார். மனம் நிறையவில்லை. ஒன்றரை ஆண்டு கழித்து சார்லஸ் வாண்டெல் என்ற மார்மன் ஊழியர் அந்தப் பக்கம் வந்து பிரசங்கம் செய்தார். ஒரே ஒரு பிரசங்கம் கேட்டதுமே, தான் தேடியது இதுதான் என்று ஜேனுக்குப் பட்டது. அடுத்த ஞாயிற்றுக்கிழமையே ஞானஸ்நானம்.

அவருக்கு அங்கே என்ன கேட்டிருக்கும்? ஜோசப் ஸ்மித் 1830 ஏப்ரல் 6-ஆம் தேதி நியூயார்க் மாநிலத்தில் இந்தச் சபையைத் தொடங்கியபோது அவருக்கு 24 வயது. முறையான படிப்பு குறைவு. வானம் மூடிவிடவில்லை, தேவன் இன்றும் பேசுகிறார், எளியவனிடமும் பேசுவார் என்பது அவர் சொன்ன செய்தியின் சாரம். சபையின் வேதநூலாக அதே ஆண்டு வெளிவந்த மார்மன் புத்தகத்தின் 5,000 பிரதிகளை அச்சிட, மார்ட்டின் ஹாரிஸ் என்ற விவசாயி தன் நிலத்தை அடமானம் வைத்தார். நம்பியவர்கள் அப்படித்தான் நம்பினார்கள், கையில் இருந்ததை எல்லாம் வைத்து. எதிர்ப்பும் அதே அளவுக்குக் கடுமையாக வந்தது. 1838 அக்டோபரில், மார்மன்களை மாநிலத்தை விட்டே விரட்ட வேண்டும், இல்லையேல் அழித்தொழிக்க வேண்டும் என்று மிசூரி ஆளுநர் லில்பர்ன் பாக்ஸ் ஆணையே பிறப்பித்தார். மூன்று நாள் கழித்து ஹான்ஸ் மில் என்ற சிறு குடியிருப்பில் 17 பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். தப்பியவர்கள் இல்லினாய் மாநிலத்தில், மிசிசிப்பி ஆறு வளைந்து திரும்பும் சதுப்பு நிலத்தில் ஒரு நகரத்தைக் கட்டினார்கள். அதுதான் நாவூ. மலேரியாவில் ஏராளமானோரைப் பறிகொடுத்துக்கொண்டே கட்டிய நகரம். உலகத்தில் எந்த மூலையில் மதம் மாறியவர்களும் அங்கே வந்து சேர வேண்டும் என்பது அழைப்பு.

ஜேனும் அந்த அழைப்பைக் கேட்டார். 1843-இல் தாய், உடன்பிறந்தவர்கள், தன் சின்ன மகன் என்று ஒன்பது பேருடைய குடும்பத்தைக் கிளப்பினார். வாண்டெலும் மற்ற வெள்ளைக்கார விசுவாசிகளும் கூட வந்தார்கள். பஃபலோ நகரம் வரைக்கும் படகுப் பயணம். அதன் பிறகு கறுப்பினத்தவர்களைப் படகில் ஏற்ற மறுத்துவிட்டார்கள். மற்றவர்கள் படகில் போனார்கள். ஜேனின் குடும்பம் கரையில் நின்றது. திரும்பிப் போகவில்லை, நடக்க ஆரம்பித்தார்கள். சுமார் 800 மைல்.

அந்த நடையை முதுமையில் அவர் நினைவுகூர்ந்து சொல்ல, எலிசபெத் ரவுண்டி என்ற பெண் எழுதிக்கொண்டார். அதனால் அதில் பேச்சின் ஓட்டம் இருக்கிறது. செருப்பு தேய்ந்து போய்விட்டது; கால் வெடித்து ரத்தம் கசிந்தது; முழுப் பாதத்தின் அச்சும் தரையில் ரத்தமாகப் பதிந்தது என்கிறார். நின்று ஜெபம் பண்ணினோம், கால்கள் குணமாகிவிட்டன என்கிறார். பாலம் இல்லாத ஆற்றில் கழுத்தளவு தண்ணீரில் இறங்கிக் கடந்தார்கள். உறைபனி கொட்டிய காட்டில் படுத்தார்கள். பியோரியா என்ற ஊரில் அதிகாரிகள் மறித்து, விடுதலைப் பத்திரம் எங்கே, காட்டாவிட்டால் சிறை என்றார்கள். நாங்கள் அடிமையாகவே இருந்ததில்லையே, விடுதலைப் பத்திரத்துக்கு எங்கே போவது என்று கேட்டார்கள் இவர்கள். அடிமையாக இல்லாதவரிடம் அடிமைத்தனத்திலிருந்து விடுபட்டதற்குச் சான்று கேட்கிற நாடாக அன்றைய அமெரிக்கா இருந்தது.

நாவூவில் ஜோசப் ஸ்மித் அவர்களைத் தன் வீட்டு அறையில் உட்காரவைத்தார். மருத்துவர் ஒருவரும் இன்னும் சிலரும் இருந்தார்கள். இந்தச் சின்னக் கூட்டத்துக்குத் தலைமை நீதானே என்று ஜேனைக் கேட்டார். ஆமாம் என்றதும், ஆசீர்வதித்து, வழியில் பட்டதை எல்லாம் சொல்லச் சொன்னார். முதலிலிருந்து கடைசி வரை எல்லோரும் கேட்டார்கள். ஒரு வேலைக்காரப் பெண்ணின் கதையை ஒரு நகரத்தின் தலைவர் மற்ற வேலையை நிறுத்திவிட்டு உட்கார்ந்து கேட்பது சின்ன விஷயம் இல்லை. ஜோசப் ஸ்மித்மேல் எனக்குக் கேள்விகள் பல உண்டு. ரகசியமாக அவர் நடத்திய பலதார மணம் அவருடைய மனைவி எம்மாவை எப்படி உடைத்தது என்பதைப் படித்தால் மனம் கனக்கும். இருந்தாலும் இந்த ஒரு மாலைப்பொழுதுக்காக அவரை மதிக்கிறேன்.

ஒரு வாரத்துக்குள் குடும்பத்தில் மற்றவர்களுக்கு வேலையும் இடமும் கிடைத்துவிட்டன. ஜேனுக்கு மட்டும் இல்லை. முன்கூட்டி அனுப்பிய அவருடைய உடுப்புப் பெட்டியும் தொலைந்துவிட்டது. உடுத்தியிருந்ததைத் தவிர மாற்று இல்லை. அழுதுகொண்டிருந்தவரைப் பார்த்த ஜோசப், இங்கே அழக் கூடாது என்று சொல்லி எம்மாவிடம் அழைத்துப் போனார். இந்தப் பெண்ணுக்கு வீடு இல்லையாம், உன்னிடம் இடம் இருக்கிறதா என்றார். அவளுக்கு விருப்பம் என்றால் இருக்கிறது என்றார் எம்மா.

மறுநாள் காலையிலிருந்து துணி துவைக்கும் வேலை. அந்தத் துணிகளுக்கு நடுவே ஜேன் இதுவரை பார்த்திராத ஓர் உடுப்பு வந்தது. ஆலயச் சடங்குக்காக ஜோசப் உடுத்தும் அங்கி. ஆலயம் அப்போது கட்டி முடியவில்லை; சடங்கும் ஒரு சிறு வட்டத்துக்கு மட்டுமே தெரியும். ஜேன் அந்த அங்கியைக் கையில் எடுத்துப் பார்த்து, இது என்னவாக இருக்கும் என்று யோசித்தபடி உட்கார்ந்தாராம். இது உலகத்தாருக்குத் தெரியாத ஏதோ ஒரு பரிசுத்தமான காரியம் என்று ஆவியானவர் தனக்கு உணர்த்தியதாகச் சொல்கிறார். ஐம்பது ஆண்டு கழிந்தும் மறக்கவில்லை அந்த ஈரத்துணியை.

அதே வீட்டில் இன்னொன்றும் நடந்தது. ஒருநாள் எம்மா, எங்களுக்குப் பிள்ளையாகச் சுவீகாரம் ஆகிறாயா, ஜோசப் கேட்கச் சொன்னார் என்று கேட்டார். ஜேன் பதில் சொல்லவில்லை. யோசித்துச் சொல் என்று இரண்டு வாரம் கழித்து மறுபடியும் கேட்டார். வேண்டாம் அம்மா என்றார் ஜேன். கேட்டதன் பொருள் எனக்கு அப்போது விளங்கவில்லை என்று பிற்பாடு சொன்னார். வாழ்நாளெல்லாம் அவரை உறுத்திய பதில் அது.

1844 ஜூன் 27-ஆம் தேதி கார்த்தேஜ் சிறையில் ஒரு கும்பல் புகுந்து ஜோசப்பையும் அவர் அண்ணன் ஹைரமையும் சுட்டுக் கொன்றது. ஜேன் பிறகு பிரிகம் யங் வீட்டில் வேலைக்குப் போனார். யங் தச்சர், கண்ணாடி பதிக்கும் தொழிலாளி. எதையும் கணக்குப் போட்டுச் செய்கிறவர். தலைவரை இழந்து சிதறியிருக்க வேண்டிய ஒரு கூட்டத்தை 1846 பனிக்காலத்தில் ஆற்றைக் கடக்கவைத்து, சமவெளிகளைத் தாண்டி, 1847 ஜூலையில் இன்றைய யூட்டா மாநிலத்தின் சால்ட் லேக் பள்ளத்தாக்கில் கொண்டு சேர்த்தார். அந்த முதல் அணியில் க்ரீன் ஃப்ளேக், ஹார்க் லே, ஆஸ்கர் கிராஸ்பி என்று அடிமைகளாக இருந்த மூன்று கறுப்பின ஆண்களும் இருந்தார்கள். ஜேன், ஐசக் ஜேம்ஸ் என்ற சுதந்திர மனிதரை மணந்து, வழியிலேயே ஒரு மகனைப் பெற்று, அதே ஆண்டு செப்டம்பரில் வந்து சேர்ந்தார்.

புது மண்ணில் பஞ்சம். 1849-இல் எலைசா பார்ட்ரிட்ஜ் லைமன் வீட்டில் மாவு இல்லை. கணவர் அமாசா லைமன் சபையின் அப்போஸ்தலர்களில் ஒருவர். கலிபோர்னியாவுக்குக் கிளம்பிப் போய்விட்டார். ஜேன் ஜேம்ஸ் என்ற கறுப்பினப் பெண் இரண்டு பவுண்டு மாவு கொடுத்தாள், அவளிடம் இருந்ததில் பாதி அது என்று எலைசா தன் நாட்குறிப்பில் எழுதிவைத்தார். இந்த எலைசா யார் தெரியுமா? நாவூவில் ஜோசப் வீட்டில் ஜேனோடு இருந்த பெண்களில் ஒருத்தி; ஜோசப்பின் ரகசிய மனைவியரில் ஒருத்தி.

அடுத்து 1852. அந்த வருஷத்தைச் சொல்ல எனக்கு நா கூசுகிறது. கறுப்பினத்தவருக்கு ஆசாரியத்துவம், அதாவது சபையில் சடங்கு நடத்தும் அதிகாரம், கிடையாது என்று பிரிகம் யங் யூட்டா சட்டமன்றத்தில் அறிவித்தார். அதே ஆண்டு அங்கே அடிமைமுறைக்குச் சட்ட இடமும் கிடைத்தது. இத்தனைக்கும் 1836-இலேயே எலைஜா ஏபல் என்ற கறுப்பினத்தவர் சபையில் மூப்பர் என்ற ஆசாரியத்துவப் பதவிக்கு அபிஷேகம் பெற்றிருந்தார். மாசசூசெட்ஸில் இருந்த கறுப்பின முடிதிருத்தும் தொழிலாளி வாக்கர் லூயிஸைக் குறித்து, நம் மிகச் சிறந்த மூப்பர்களில் ஒருவர் என்று 1847-இல் சொன்னவர் இதே யங்தான். தெரியாமல் செய்தார் என்று சொல்ல முடியவில்லை. அவருடைய நிர்வாகத் திறமையைப் புகழ்கிறவர்கள் இந்த ஐந்து ஆண்டு மாற்றத்தையும் சேர்த்தே சொல்ல வேண்டும். அதற்குப் பிறகு ஆலயத்தின் உயர்ந்த சடங்குகளும் கறுப்பினத்தவருக்கு அடைக்கப்பட்டன. அங்கியைத் துவைத்த பெண் அதை உடுத்த முடியாது என்றாயிற்று.

ஜேன் சபையை விட்டுப் போகவில்லை. ஐசக் அவரை விட்டுப் போனார். இருபது ஆண்டு கழித்துத் திரும்பி வந்தபோது ஏற்றுக்கொண்டார். பிள்ளைகளில் இருவரைத் தவிர எல்லோரையும் பறிகொடுத்தார். துணி துவைத்து, சோப்பு காய்ச்சிப் பிழைத்தார். ஆலயம் கட்டக் காணிக்கை கொடுத்தார். 1884 டிசம்பரில் சபைத் தலைவர் ஜான் டெய்லருக்கு அவர் எழுதுவித்த கடிதம் இருக்கிறது. ஆபிரகாமின் சந்ததிக்குள் பூமியிலுள்ள சகல ஜாதிகளும் ஆசீர்வதிக்கப்படும் என்று தேவன் வாக்குக் கொடுத்தாரே, எனக்கு ஒரு ஆசீர்வாதமும் இல்லையா என்று கேட்கிறார். வேதாகமம் வாசித்தவர்களுக்கு, தகப்பன் முன்னால் நின்று அழுத ஏசாவின் குரல் இதில் கேட்கும். எம்மா கேட்ட அந்தச் சுவீகாரத்தையும் நினைவூட்டினார், அன்று புரியவில்லை, இன்று புரிகிறது என்று. மறுத்தார்கள். மறுபடியும் கேட்டார். ஒரு தலைவர் இறந்தால் அடுத்தவரிடம் கேட்டார்.

கடைசியாக 1894 மே மாதம் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். ஜோசப் ஸ்மித்தின் குடும்பத்தில் நித்தியத்துக்கும் ஊழியக்காரியாக ஜேனை இணைக்கும் ஒரு சடங்கு. பிள்ளையாக இருக்கிறாயா என்று ஜோசப்பும் எம்மாவும் கேட்ட பெண்ணை, ஐம்பது ஆண்டு கழித்து வேலைக்காரியாக முத்திரித்தார்கள். அந்தச் சடங்குக்கும் அவரை உள்ளே விடவில்லை. ஜேன் உயிரோடு அதே ஊரில் இருக்க, சீனா யங் என்ற பெண் அவருக்குப் பதிலாக நின்றார். ஜோசப்புக்குப் பதிலாக நின்றவர் அவருடைய அண்ணன் ஹைரமின் மகன், ஜோசப் எஃப். ஸ்மித். ஜேனுக்கு இதில் திருப்தி இல்லை, இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறார் என்று 1902-இல் அதே ஜோசப் எஃப். ஸ்மித் தலைவர்கள் கூட்டத்தில் சொன்னது பதிவாகியிருக்கிறது.

அந்தக் காலத்தில் ஜேன் தன்னைப் பற்றிச் சொல்லி எழுதவைத்ததில் கசப்பு என்று ஒரு சொல்லும் இல்லை. ஞானஸ்நானம் எடுத்த நாளைவிட இன்று என் விசுவாசம் உறுதியாக இருக்கிறது, தசமபாகம் கொடுக்கிறேன், சீக்கிரம் படுத்துச் சீக்கிரம் எழுகிறேன் என்கிறார். பார்வை மங்கிவிட்டது. கூடாரம் எனப்படும் பெரிய ஆராதனை மண்டபத்தில் அவருக்கும் அவர் சகோதரர் ஐசக் மானிங்குக்கும் முன்பக்கம் இடம் ஒதுக்கி வைத்திருந்தார்கள். ஜேன் அத்தை என்றுதான் ஊரே கூப்பிட்டது.

1908 ஏப்ரல் 16-ஆம் தேதி இறந்தார். அப்போது சபைத் தலைவராக இருந்த ஜோசப் எஃப். ஸ்மித் அடக்க ஆராதனையில் வந்து பேசினார். தடை நீங்கியது 1978 ஜூனில். அடுத்த ஆண்டு, ஜேன் கேட்ட ஆலயச் சடங்கை, அவர் இறந்து எழுபத்தொரு ஆண்டுக்குப் பிறகு, அவர் பேரால் செய்தார்கள். இந்த முறையும் வேறொரு பெண்தான் அவருக்குப் பதிலாக அந்த அங்கியை உடுத்தி நின்றார்.

நேயர்களுக்கு வணக்கம்.