ஓவியர்கள் கேட்டு வாங்கிய காடு

அவையோர்க்கு வணக்கம்.

ஓவியம் ஒரு காட்டைக் காப்பாற்றியது என்று பேச்சு வந்தால், எல்லோரும் அமெரிக்காவைத்தான் சொல்வார்கள். தாமஸ் மோரன் 1871இல் யெல்லோஸ்டோனுக்குப் போய் வரைந்தார். 1872இல் அது தேசியப் பூங்காவானது. சரிதான். ஆனால் அதற்கு 11 ஆண்டு முன்பே, 1861இல், பாரிசுக்குத் தென்கிழக்கே உள்ள ஃபோன்டேன்ப்ளோ காட்டில் 1,097 ஹெக்டேரை மரம் வெட்டும் கூப்புக்கு விடக்கூடாது என்று பிரெஞ்சு அரசு ஆணையிட்டுவிட்டது. ‘கலைப் பகுதி’ என்றே பெயர் வைத்தார்கள். விலங்குக்காக அல்ல, தண்ணீருக்காகவும் அல்ல. கண்ணுக்காக ஒதுக்கிய காடு அது.

கேட்டு வாங்கியவர்கள் காட்டோரத்து பார்பிசான் கிராமத்தில் தங்கி வரைந்தவர்கள். முன்னே நின்றவர் தியோடோர் ரூசோ. (தத்துவம் எழுதிய ரூசோ வேறு.) 1852இல் மூன்றாம் நெப்போலியனுக்கு மனுப் போனது, 1853இல் 624 ஹெக்டேர் கிடைத்தது. அதன் விரிவுதான் 1861 ஆணை.

வனத்துறையோடு சண்டை மரவெட்டு பற்றி மட்டுமல்ல, நடவு பற்றியும்தான். அங்கே மண் வெறும் மணல், நடுநடுவே மணற்பாறைக் குவியல்கள். ஓக் தேறாத அந்த இடங்களில் வனத்துறை பைன் நட்டது. மரக் கணக்குப் பார்த்தால் குறை சொல்ல முடியாது. பைன் ஏழை மண்ணிலும் விறுவிறுவென்று வளரும். ஓவியர்களுக்கோ பாறை மறைந்தது, தொலைவு மறைந்தது, பன்னிரண்டு மாதமும் ஒரே கரும்பச்சை. நட்ட கன்றுகளைப் பிடுங்கியே போட்டார்கள்.

இப்போது ரூசோவின் ஒரு படத்தைக் கவனியுங்கள். பாரிசின் லூவர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது, காட்டின் விளிம்பில் சூரியன் சாய்கிற காட்சி, ஏறக்குறைய 2 மீட்டர் அகலம். இரு பக்கமும் மரங்கள் வளைந்து வாசல்போல் நிற்கின்றன. அந்த வாசலுக்குள்ளே திறந்த வெளி, தண்ணீர், மாடுகள். மாடுகளை அழகுக்காகச் சேர்த்தார் என்று கடந்துவிடாதீர்கள். அந்த வெளியைத் திறந்து வைத்திருந்ததே மாடுகளின் வாய்தான்.

ஓவியர்கள் கோட்டைவிட்டது இங்கேதான் என்பது என் கருத்து. கோடரியைத் தடுக்க ஆணை வாங்கினார்கள்; மேய்ச்சல் குறைந்தால் என்ன ஆகும் என்று யாரும் யோசிக்கவில்லை. ஓக் கன்றுக்கு வெளிச்சம் வேண்டும். அதே காட்டின் இன்னொரு மரமான பீச்சின் கன்று நிழலிலேயே பல ஆண்டு பொறுத்திருக்கும். மாடும் மானும் கடிக்கிற வரை பீச் அடங்கிக் கிடக்கும். கடி நின்றால் ஓக்கின் அடியிலேயே எழும்பி, அதன் முடியையும் தாண்டி, மேலிருந்து நிழல் போடும். கிழட்டு ஓக் பக்கக் கிளைகளை ஒவ்வொன்றாக இழந்து சாகும். கீழே அதன் வாரிசு ஒன்றும் இருக்காது. அந்தக் காட்டில் வெட்டே படாமல் காத்த லா தில்லே என்ற பகுதியில் இன்று ஓங்கி நிற்பது பீச்தான். புதர்வெளிகளில் வேறு கதை: பக்கத்துத் தோப்பிலிருந்து பைன் விதை காற்றில் வந்து விழுந்து, வெளியையே மூடிவிடும்.

அதற்காக அந்த ஆணை வீண் என்று சொல்ல வரவில்லை. வெட்டாமல் விட்டதால் பட்ட மரமும் விழுந்த மரமும் அங்கே மிஞ்சின. அவற்றை நம்பி வாழும் வண்டுகளும் காளான்களும் மிஞ்சின. ஓவியர் எவரும் கேட்காத வரவு அது. 1948இல் உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் தோன்றியதும் ஃபோன்டேன்ப்ளோவில்தான்.

இன்று அங்கே இரண்டு வகை ஒதுக்கீடு உண்டு. முதல் வகையில் விழுந்த மரத்தைக்கூட எடுப்பதில்லை; பாதையோரம் ஆள்மேல் விழக்கூடியதை மட்டும் வெட்டிச் சாய்த்து, அங்கேயே போட்டுவிடுவார்கள். இரண்டாம் வகையில் வெளியைத் திறந்து வைக்க வனத்துறையே பைனை அகற்றுகிறது. ஒரு தடவை அகற்றினால் தீராது. விதை தரும் தாய்மரம் பக்கத்தில் நிற்கும் வரை சில ஆண்டுக்கு ஒருமுறை மறுபடியும் இறங்கித்தான் ஆக வேண்டும்.