பழைய ஐபோனுக்காக ஆண்ட்ராய்டை விடலாமா?

சரி, அடுத்த கேள்விக்கு வருவோம். ஒரு நேயர் கேட்டிருக்கிறார்: "பல வருடமாக ஆண்ட்ராய்டுதான் வைத்திருக்கிறேன். இப்போது ஐபோன் 11 விலை நன்றாக இறங்கியிருக்கிறது. அதே பணத்துக்கு ஒரு புது ஆண்ட்ராய்டு போனும் கிடைக்கும். ஐபோனுக்கு மாறிவிடலாமா?"

நேராகவே சொல்லிவிடுகிறேன். ஐபோன் 11-க்காக மாறாதீர்கள். ஐபோன் பக்கம் போகவே கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் இந்த மாடலோடு போனால் ஏமாற்றம்தான் மிஞ்சும்.

அந்தப் போன் வந்தது 2019 செப்டம்பரில். 2022-லேயே ஆப்பிள் அதை விற்பதை நிறுத்திவிட்டது. ஆகவே இன்று உங்கள் கைக்கு வருவது அநேகமாக ஒருவர் பயன்படுத்திய போனாக இருக்கும், இல்லையென்றால் பெட்டியிலேயே பல வருடம் கிடந்த பழைய சரக்காக இருக்கும். "ஆப்பிள் நிறைய வருடம் அப்டேட் தருமே" என்று கேட்பீர்கள். தரும். 2015-இல் வந்த 6எஸ் மாடலுக்கு 2021-இல் வெளியான ஐஓஎஸ் 15 (ஐஓஎஸ் என்பது ஐபோனை இயக்கும் மென்பொருள்) வரை கிடைத்தது. ஆனால் அந்த வருடங்களை எல்லாம் போன் வெளியான நாளிலிருந்துதான் எண்ண வேண்டும். 2025-இல் ஐஓஎஸ் 26 வந்தபோது, 2018-இல் வந்த எக்ஸ்ஆர், எக்ஸ்எஸ் மாடல்களுக்கு அது கிடைக்கவில்லை. கிடைத்தவற்றில் மிகப் பழையது 11-தான். அடுத்த தடவை ஆட்களைக் குறைத்தால் யார் முதலில் வெளியே போவார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

அப்டேட் நின்ற மறுநாளே போன் படுத்துவிடாது. கொஞ்ச காலம் பாதுகாப்புத் திருத்தங்கள் வரும். பிறகு செயலிகள் ஒவ்வொன்றாகக் கைவிடும். 2025 மே மாதம் வாட்ஸ்அப் அப்படித்தான் செய்தது, ஐஓஎஸ் 15.1-க்குக் கீழே இருந்த போன்களை விட்டுவிட்டது. ஐபோன் 6 வைத்திருந்தவர்களுக்கு வேறு வழியில்லாமல் போயிற்று.

அப்புறம் பேட்டரி. 11 போன்ற மாடல்களின் பேட்டரி, 500 முழு சார்ஜ் சுற்றுகளுக்குப் பிறகு 80 சதவீதக் கொள்ளளவு தாங்கும்படி செய்யப்பட்டது. தினமும் சார்ஜ் போடுகிறவருக்கு அது சில வருடக் கணக்குதான். பேட்டரியை மாற்றிக்கொள்ளலாம், ஆனால் அந்தச் செலவையும் விலையோடு சேர்த்துப் பாருங்கள். முதல் தடவை ஐபோன் பிடிக்கிற ஒருவர் இந்தத் தேய்ந்த பேட்டரியோடு தொடங்கினால், ஐபோன் என்றாலே இப்படித்தான் என்று முடிவு கட்டிவிடுவார். எனக்கு அதுதான் வருத்தம்.

இனி மாறுகிற வேலை. இதைப் பலரும் லேசாக எடுத்துக்கொள்கிறார்கள். ஆண்ட்ராய்டில் கூகுள் டிரைவில் வைத்திருக்கிற வாட்ஸ்அப் பேக்கப்பை ஐபோன் எடுத்துக்கொள்ளாது. ஆப்பிளின் "மூவ் டு ஐஓஎஸ்" செயலி வழியாகப் பழைய உரையாடல்களைக் கொண்டுபோக முடியும். ஆனால் அதை ஐபோனை முதன்முதலில் செட்டப் செய்யும்போதே செய்ய வேண்டும். எல்லாம் முடித்த பிறகு ஞாபகம் வந்தால், போனை முழுக்க அழித்துவிட்டுத் திரும்ப ஆரம்பிக்க வேண்டியதுதான். நீங்கள் காசு கொடுத்து வாங்கிய ஆண்ட்ராய்டு செயலிகள் அங்கே வராது. மெமரி கார்டு போட இடமில்லை. 11-இல் குறைந்தபட்ச சேமிப்பு 64 ஜிபி. நிறைய படம் எடுக்கிறவருக்கு அது சீக்கிரம் நிரம்பும். இணையத்தில் சேமித்து வைக்க கூகுள் இலவசமாகத் தருவது 15 ஜிபி, ஆப்பிளின் ஐகிளவுட் தருவது 5 ஜிபி. இதெல்லாம் ஒரு வாரத் தொல்லைதான், சமாளித்துவிடலாம். ஆனால் அவ்வளவும் பட்டு, இன்னும் கொஞ்ச காலமே ஓடப்போகிற போனுக்குப் போவதுதான் சரியாகப் படவில்லை.

வீட்டில் எல்லோரும் ஐபோன், ஆப்பிளின் வீடியோ அழைப்பான ஃபேஸ்டைமும், படங்களை நேரடியாக அனுப்பும் ஏர்டிராப்பும் தினசரித் தேவை, அல்லது வீடியோ எடுப்பதுதான் முக்கிய வேலை என்றால் தாராளமாக மாறுங்கள். அப்போது குறைந்தது 13 பாருங்கள். 2021-இல் வந்தது, 5ஜி உண்டு, கறுப்பு நிறம் ஆழமாகத் தெரியும் ஓஎல்இடி திரை, தொடக்கமே 128 ஜிபி. 11-இல் 5ஜியும் இல்லை, ஓஎல்இடியும் இல்லை. இப்போது வைத்திருக்கும் டைப்-சி சார்ஜர் கேபிளையே போட வேண்டும் என்றால் 2023-இல் வந்த 15-லிருந்துதான் முடியும்.

ஐபோன்தான் வேண்டும் என்ற பிடிவாதம் இல்லை, நல்ல போன் குறைந்த விலையில் வந்தால் போதும் என்றால், ஆண்ட்ராய்டிலேயே பழைய மாடல் வாங்கலாமே! 2023 அக்டோபரில் வந்த பிக்சல் 8-க்கு 7 வருட அப்டேட் என்று கூகுள் சொல்லியிருக்கிறது. 2024-இல் வந்த கேலக்ஸி எஸ்24-க்கு சாம்சங்கும் அதே 7 வருடம் சொன்னது. ஆக ஒன்று 2030 வரை, இன்னொன்று 2031 வரை. வாட்ஸ்அப்பை இடம் மாற்றும் வேலையும் மிச்சம். உங்கள் நிலையில் நான் இருந்தால் இதைத்தான் முதலில் தேடுவேன்.

எல்லாம் கேட்ட பிறகும் மனம் ஐபோனிலேயே நிற்கிறதா? பழையது வாங்கும்போது செட்டிங்ஸில் பேட்டரி ஹெல்த் எவ்வளவு என்று பாருங்கள். ஜெனரல், அபவுட் பகுதியில் திரையோ பேட்டரியோ அறியப்படாத பாகம் என்று காட்டுகிறதா என்றும் பாருங்கள். விற்கிறவர் உங்கள் கண் முன்னாலேயே தன் ஆப்பிள் கணக்கிலிருந்து வெளியேறி, போனை அழித்துக் கொடுக்க வேண்டும். கணக்குப் பூட்டு இருக்கிற போனை வாங்கி வந்தால் அதை உங்களால் இயக்கவே முடியாது, வாங்கியதற்கான சான்று இல்லாமல் ஆப்பிளும் திறந்து தராது.