எழுத்தாளரா, எழுத்தரா?

நேயர்களுக்கு வணக்கம்.

வங்கிப் படிவத்தில் 'தொழில்' என்ற கட்டத்தை நிரப்பும்போதெல்லாம் எனக்குக் குழப்பம். எழுத்தாளர் என்று போட்டால், "எந்தப் பத்திரிகையில சார் கதை வருது?" என்று கேட்கிறார்கள். எழுத்தர் என்று போட்டால் குமாஸ்தா ஆகிவிடுகிறேன். நான் சென்னையில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் டெக்னிக்கல் ரைட்டர். ஒரு மென்பொருளை எப்படி நிறுவுவது, எதை அழுத்தினால் என்ன நடக்கும் என்று சொல்லும் கையேடுகளை எழுதுகிறவன்.

காலையிலிருந்து மாலை வரை நான் எழுதிக்கொண்டே இருப்பதாக வீட்டில் நினைப்பு. அலுவலகத்தில் நினைப்பு வேறு: மென்பொருளை உருவாக்கும் டெவலப்பர் தருவதை வாங்கி, ஆங்கிலத்தைத் திருத்தி, கமா போட்டுக் கொடுக்கிறேனாம். உண்மையில் நான் புது வாக்கியம் எழுதுவது, நல்ல நாளில், 2 மணி நேரம் இருந்தால் அதிகம்.

சரி, மிச்ச நேரம் என்ன செய்கிறேன்? கையேட்டில் உள்ள படிகளை ஒன்றுவிடாமல் நானே செய்து பார்ப்பேன். அண்மையில் அப்படிச் செய்தபோது 7-ஆவது படியில் நின்றுவிட்டது. அங்கே, கணினியின் அமைப்பை மாற்ற விடும் 'நிர்வாகி அனுமதி' வேண்டும். டெவலப்பரின் கணினியில் அது எப்போதும் இருக்கிறது. ஆகவே அவர் அதைச் சொல்லவே இல்லை. மீட்டிங் மீட்டிங்காக அலைந்தவரை டீக்கடையில் பிடித்தேன். "அது எல்லாருக்கும் தெரியுமே!" என்றார். இந்த 'எல்லாருக்கும் தெரியுமே'க்களைத் தேடிப் பிடிப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம். அப்புறம், ஒரு பொத்தானின் பெயரை மாற்றிவிட்டார்கள் என்றால், அது வரும் ஸ்கிரீன்ஷாட் அத்தனையையும் திரும்ப எடுக்க வேண்டும்.

நான் திரையைப் பார்த்தபடி சும்மா உட்கார்ந்திருப்பதும் வேலைதான். பின்னாலிருந்து பார்ப்பவர் நம்பமாட்டார். விமானப் பராமரிப்புக் கையேடுகளுக்கென்றே எளிய ஆங்கில விதிமுறை ஒன்று உண்டு. முதலில் 1986-இல் வந்தது. அதில் பயன்படுத்தக்கூடிய பொதுச் சொற்கள் ஏறத்தாழ 900தான். வேலையைச் செய்யச் சொல்லும் வாக்கியம் 20 சொற்களைத் தாண்டக்கூடாது. 'க்ளோஸ்' என்றால் மூடு என்று மட்டுமே பொருள். 'அருகில்' என்பதற்கு அதைப் போடக்கூடாது. ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாத மெக்கானிக் சக்கரத்துக்குப் பக்கத்தில் நின்று படிக்கிறாரே, அவருக்கு இரண்டு அர்த்தம் தோன்றிவிடக் கூடாது. அந்த விதிப்படி ஒரு 35 சொல் வாக்கியத்தை 20-க்குள் அடக்கிப் பாருங்கள். விரல் அசையாமலே அரை மணி நேரம் போய்விடும்.

வெள்ளிக்கிழமை மதியங்களில் வாடிக்கையாளர் உதவிப் பிரிவில் போய் உட்கார்ந்து, வரும் அழைப்புகளைக் கேட்பேன். ஒருமுறை ஒருவர், சர்வர் என்கிற மையக் கணினியைப் பற்றிய என் வாக்கியத்தையே போனில் சத்தமாகப் படித்துவிட்டு, "அந்த சர்வர்னா எந்த சர்வர்? எங்ககிட்ட ரெண்டு இருக்கே" என்றார். எனக்குச் சுருக்கென்றது. பழைய சர்வரா புதிய சர்வரா என்று விசாரித்து, இரண்டு கணினிகளில் செய்து பார்த்து, 'அந்த' என்பதைப் 'பழைய' என்று மாற்றி முடிக்கும்போது மணி 6.

"இன்னைக்கு எவ்வளவுப்பா எழுதினே?" என்றார் அம்மா.

"ஒரு வார்த்தைம்மா."

நன்றி, வணக்கம்.