ஏழு மட்டை போதும்

நேயர்களுக்கு வணக்கம்.

சென்ற மாதம் என் பழைய மாணவர் ஒருவர் தொலைபேசியில் அழைத்தார். திருப்பூரில் பின்னலாடைத் தொழில் செய்கிறார், நாற்பத்தைந்து வயது. நண்பர்கள் இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் செட்டிபாளையம் கோல்ஃப் மைதானத்துக்கு அழைத்துப் போயிருக்கிறார்கள். மனிதருக்கு ஆட்டம் பிடித்துவிட்டது. "சார், முழு செட் ஒன்று வாங்கிவிடலாம் என்று இருக்கிறேன். கடையில் மூன்று லட்சம் வரை சொல்கிறார்கள். எதை வாங்கட்டும்?" என்று கேட்டார். மாதத்துக்கு எத்தனை முறை ஆடுவீர்கள் என்றேன். "ஒருமுறை சார். ஆர்டர் நெருக்கடி இல்லாவிட்டால் இரண்டுமுறை."

அவருக்கு அன்று அரைமணி நேரம் சொன்னதைத்தான் இன்று உங்களிடம் சொல்ல வந்திருக்கிறேன். நான் கல்லூரியில் இயற்பியல் கற்பித்து ஓய்வு பெற்றவன். இருபது ஆண்டுகளாக மாதம் இரண்டுமுறை கோல்ஃப் ஆடுகிறேன். பணம் இருப்பவர்களுக்கு மட்டுமே உரிய ஆட்டம் என்று இது ஒதுக்கப்படுவதில் எனக்கு வருத்தம் உண்டு. மைதானக் கட்டணத்தை நம்மால் மாற்ற முடியாது. மட்டைக்குச் செலவிடும் பணம் நம் கையில்தான் இருக்கிறது.

முதலில் ஒரு சொல் விளக்கம். ஆடும் கருவிக்கும் ஆடுகிறவர்கள் கூடும் மன்றத்துக்கும் 'கிளப்' என்ற ஒரே பெயர்தான் புழங்குகிறது. குழப்பம் வேண்டாம் என்பதால் கருவியை மட்டை என்றே சொல்லப்போகிறேன்.

ஒரு ஆட்டத்தில் ஒருவர் பதினான்கு மட்டைகளுக்கு மேல் வைத்திருக்கக் கூடாது என்பது விதி. அமெரிக்காவில் 1938-இல் இந்த வரம்பு நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் சிலர் இருபதுக்கும் மேல் பையில் அடைத்துக்கொண்டு வந்தார்கள். சுமப்பவர் பாடு திண்டாட்டம். ஆக, பதினான்கு என்பது உச்சவரம்பு. சீர்வரிசைத் தட்டுபோல எண்ணி நிரப்பியே தீர வேண்டிய கணக்கு அல்ல. ஆனால் கடைக்காரரின் 'முழு செட்' என்ற சொல் அப்படி ஒரு எண்ணத்தை நம் மனத்தில் விதைத்துவிடுகிறது. ஒன்று குறைந்தாலும் அரைகுறை என்று தோன்றிவிடுகிறது.

சிக் எவன்ஸ் என்ற அமெரிக்கர் 1916-இல் அந்நாட்டின் ஓபன் பட்டத்தையும் அமெச்சூர் பட்டத்தையும் ஒரே ஆண்டில் வென்றார். அவர் பையில் இருந்தவை ஏழே மட்டைகள்; ஹிக்கரி மரத் தண்டு போட்டவை. நம் நாட்டிலும் பாருங்கள். 1991-இல் இந்திய ஓபனை வென்ற முதல் இந்தியத் தொழில்முறை வீரர் அலி ஷேர், 2009-இல் அதே பட்டத்தை வென்ற பெங்களூருவின் முனியப்பா, இருவருமே பிறருடைய பையைச் சுமந்த கேடிகளாக இந்த ஆட்டத்துக்குள் வந்தவர்கள். முழு செட் கைக்கு வந்தபிறகு ஆடக் கற்றவர்கள் அல்லர்.

எனக்கு இதை முதலில் உணர்த்தியவரும் ஒரு கேடிதான். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். அண்ணே என்றுதான் கூப்பிடுவேன். ஒருநாள் ஆட்டம் முடிந்து மட்டைகளை ஈரத்துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். "சார், துடைப்பதற்கு எனக்கு வேலையே இல்லை. பதினான்கு சுமந்தேன்; மண் பட்டது ஆறில்தான்" என்றார். அன்றைக்கு வீட்டுக்கு வந்து கணக்குப் பார்த்தேன். அயர்ன் என்பது உலோகத் தகடுபோன்ற தலையுள்ள மட்டை; எண் ஏற ஏற முகத்தின் சாய்வு கூடும், பந்து போகும் தூரம் குறையும். என் 3 அயர்னும் 4 அயர்னும் வாங்கிய நாளின் பளபளப்போடு அப்படியே இருந்தன.

அப்படியானால் எந்த ஏழு? பட்டர் இல்லாமல் ஆட்டமே இல்லை. குழிக்குள் பந்தை உருட்டிவிடுவது அதுதான். அயர்னைவிடச் சாய்வு கூடிய மட்டையை வெட்ஜ் என்பார்கள்; மணல் பள்ளத்திலிருந்து பந்தை எடுக்க 56 பாகை சாய்வுள்ள சாண்ட் வெட்ஜ் ஒன்று. குழி இருக்கும் பச்சைத்தரையை நெருங்கும்போது பிட்சிங் வெட்ஜும் 9 அயர்னும். நடுத்தூரத்துக்கு 7 அயர்ன். ஒரே ஒரு மட்டைதான் வாங்க முடியும் என்றால் இதைத்தான் வாங்கச் சொல்வேன், பயிற்சி முழுவதையும் இதை வைத்தே முடித்துவிடலாம். கைக்கு அடங்காத 3, 4 அயர்ன்களுக்குப் பதிலாக, தலை சற்றுப் பருத்த ஹைபிரிட் ஒன்று. ஏழாவதாக, பருத்த தலையோடு தூரத்துக்கு அடிக்கும் 5-வுட்.

எல்லாவற்றையும்விடத் தூரமாக அடிக்கும் மட்டையான டிரைவரை விட்டுவிட்டாரே என்று கேட்பீர்கள். கடையில் எல்லோரும் முதலில் தூக்கிப் பார்ப்பது டிரைவரைத்தான். பெயர்பெற்ற நிறுவனத்தின் புதிய டிரைவர் ஒன்று மட்டுமே இன்று ஐம்பதாயிரம் ரூபாயைத் தாண்டுகிறது. அதன் நீளம் ஏறத்தாழ 45 அங்குலம், முகத்தின் சாய்வு பத்துப் பாகை சுமார். நீளம் கூடக்கூட நடுமுகத்தில் அடிப்பது கடினம். சாய்வு குறையக்குறையப் பந்து பக்கவாட்டில் வளைந்து ஓடுவது அதிகம். மாதம் ஒருமுறை ஆடுபவருக்கு இந்த இரண்டும் எதிரிகள். 5-வுட் மூன்று அங்குலம் குட்டை, சாய்வு பதினெட்டுப் பாகை. இருபது முப்பது கெஜம் குறைவாகப் போகும். ஆனால் புல்வெளியில் விழும். டிரைவர் அடித்த பந்தைப் புதருக்குள் தேடியே காலை நேரம் கரைந்துபோவதை நான் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். ஓராண்டு கழித்து ஆசை இருந்தால் டிரைவரை வாங்குங்கள்.

அயர்ன்களில் எதைத் தேர்வது? பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். தட்டையாக, கத்திபோல மெலிதாக இருந்தால் அது கைதேர்ந்தவர்களுக்கு. நடுவில் குடைந்து, எடையெல்லாம் விளிம்பில் சேர்ந்திருந்தால் அது நமக்கு. காரணம் எளிது. கயிற்றின்மேல் நடக்கும் கழைக்கூத்தாடி கையில் நீண்ட கழியை ஏந்தியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். கழியின் எடை நடுவிலிருந்து தள்ளி இரு முனைகளிலும் பரவியிருப்பதால் அது எளிதில் சுழலாது, அவரையும் சாயவிடாது. விளிம்பில் எடை வைத்த மட்டையும் அப்படித்தான். பந்து நடுமுகத்தில் படாமல் ஓரத்தில் பட்டாலும் தலை அதிகம் திரும்பாது. பந்து ஏறக்குறைய நேராகவே போகும்.

இந்தக் கருத்தை ஆட்டத்துக்குள் பரப்பியவரின் கதை எனக்கு மிகவும் பிடிக்கும். கார்ஸ்டன் சோல்ஹெய்ம், நார்வேயில் பிறந்து அமெரிக்காவில் வளர்ந்தவர். முதலில் செருப்புத் தைக்கும் தொழில். பிறகு ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தில் பொறியாளர். நாற்பத்திரண்டு வயதில்தான் கோல்ஃபைத் தொட்டார். உருட்டி அடிப்பது அவருக்கு வசப்படவில்லை. 1959-இல் வீட்டுக் கார் கொட்டகையில், முகத்தின் இரு முனைகளிலும் எடை வைத்த பட்டர் ஒன்றைத் தாமே செய்தார். பந்தில் பட்டதும் 'பிங்' என்று ஒலித்தது. அதுவே நிறுவனத்தின் பெயரானது. பிந்தி வந்த ஒருவர், தம் தவறுகளைத் தாங்கிக்கொள்ள ஒரு மட்டை வேண்டும் என்று நினைத்ததால்தான் இன்று நமக்கெல்லாம் வழி திறந்திருக்கிறது.

கடையில் இன்னொன்றும் சொல்வார்கள்: புதிய 7 அயர்ன் பழையதைவிட இருபது கெஜம் கூடுதலாகப் போகும் என்று. போகும்தான். ஆனால் முப்பது நாற்பது ஆண்டுகளுக்கு முன் 7 அயர்னின் சாய்வு 35 பாகையை ஒட்டி இருந்தது. இன்று பல செட்களில் அது முப்பதுக்கும் கீழே வந்துவிட்டது. அதாவது பழைய 6 அயர்னின், சில செட்களில் 5 அயர்னின் சாய்வுக்கு 7 என்று எண் பொறித்திருக்கிறார்கள். தலையின் வடிவமைப்பு மேம்பட்டிருப்பது உண்மை. ஆனால் கூடுதல் தூரத்தில் பெரும்பங்கு இந்த எண் மாற்றத்தால் வருவது. இதன் விளைவு ஒன்றைக் கவனியுங்கள். புதிய செட்டின் பிட்சிங் வெட்ஜ் 43, 44 பாகையில் நின்றுவிடுவதால் 56-க்கு முன் பெரிய இடைவெளி விழுகிறது. அதை நிரப்ப இன்னொரு வெட்ஜ் வாங்கச் சொல்வார்கள். பத்துப் பதினைந்து ஆண்டுப் பழைய செட்டில் இந்த இடைவெளி குறைவு.

ஆகவே, பழையதையே வாங்குங்கள். இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை செட் மாற்றுகிறவர்கள் எல்லா மைதானத்திலும் உண்டு. யார் மாற்றப்போகிறார் என்பது கேடிகளுக்குத்தான் முதலில் தெரியும். புதியதுதான் வேண்டும் என்பவர்களுக்கு, டெகாத்லான் கடைகளில் இனெசிஸ் என்ற பெயரில் தனித்தனி மட்டைகளாகவே கிடைக்கின்றன. தொடங்குவதற்கு அவை தாராளமாகப் போதும்.

பழையதை எப்படிப் பார்த்து வாங்குவது? மட்டையைக் காதருகே பிடித்து மெல்லக் குலுக்குங்கள். உள்ளே கலகலவென்று ஒலி வந்தால் ஒட்டுப்பசை பெயர்ந்திருக்கிறது, அல்லது குழாய்க்குள் துரு உதிர்கிறது. அடுத்து, தலையும் தண்டும் சேரும் கழுத்தைப் பாருங்கள். அங்கே கறுப்பு வளையம் ஒன்று இருக்கும். அது மேலே நகர்ந்து மயிரிழை இடைவெளி தெரிந்தால் ஒட்டு தளர்ந்திருக்கலாம். தலையைப் பிடித்து முறுக்கிப் பார்த்து ஆடவில்லை என்று உறுதி செய்துகொள்ளுங்கள். நம் ஊர் சித்திரை வெயிலில் கார் டிக்கியிலேயே கிடக்கும் மட்டைகளுக்கு இது நேர்வதுண்டு. பிறகு தண்டின்மேல் நகத்தை மேலிருந்து கீழாக ஓட்டுங்கள். கண்ணுக்குத் தப்பிய நசுங்கல் நகத்துக்குத் தப்பாது. நசுங்கிய எஃகுத் தண்டு ஒருநாள் அந்த இடத்தில்தான் ஒடியும். கடைசியாக முகத்தின் பள்ளக்கோடுகள். 7 அயர்னில் கோடுகள் சற்றுத் தேய்ந்திருந்தால் பரவாயில்லை. சாண்ட் வெட்ஜில் நகம் கோட்டுக்குள் இறங்காமல் வழுக்கினால் வேண்டாம். மணல் அதன் உயிரை உறிஞ்சியிருக்கிறது.

கைப்பிடி ரப்பர் கெட்டித்துப் பளபளத்திருந்தால் அதைச் சொல்லி விலையைக் குறையுங்கள், மட்டையை விட்டுவிடாதீர்கள். அதை வீட்டிலேயே மாற்றலாம். பழைய ரப்பரைப் பிளேடால் கீறி உரித்து, ஒட்டியிருக்கும் டேப்பைச் சுரண்டி எடுங்கள். இரண்டு பக்கமும் ஒட்டும் டேப்பைத் தண்டில் நீளவாக்கில் சுற்றுங்கள். புதிய கைப்பிடியின் நுனித் துளையை விரலால் அடைத்துக்கொண்டு உள்ளே கொஞ்சம் டர்பன்டைன் ஊற்றிக் குலுக்கி, அதை அப்படியே டேப்பின்மேல் வடியவிட்டு, தயங்காமல் ஒரே மூச்சில் தள்ளிவிட வேண்டும். பாதியில் நிறுத்தினால் சிக்கிக்கொள்ளும். கைப்பிடியில் உள்ள கோடு நேராக இருக்கிறதா என்று பார்த்து ஒருநாள் காயவிடுங்கள். மறுநாள் கையில் எடுக்கும்போது அது வேறு மட்டை.

போலிகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன் வெளியூரில் ஒரு விற்பனையாளரிடம், டைட்டானியம் டிரைவர் என்று நம்பி மூன்றில் ஒரு பங்கு விலைக்கு ஒன்று வாங்கினேன். நான்கு மாதத்தில் முகம் விரிசல் விட்டது. பேத்தியின் பொம்மைக் காந்தம் குளிர்பதனப் பெட்டியில் ஒட்டியிருந்தது. அதை எடுத்து அந்த முகத்தில் வைத்தேன். நச்சென்று பிடித்துக்கொண்டது. டைட்டானியத்தைக் காந்தம் இழுக்காது. இயற்பியல் கற்பித்த நான் இதை வாங்குவதற்கு முன்பே செய்திருக்க வேண்டும். அந்தப் பணம் போனது இன்றும் மனத்தில் இருக்கிறது. நீங்கள் சட்டைப்பையில் ஒரு காந்தத்தோடு போங்கள்.

தண்டின்மேல் ஆர், எஸ் என்று எழுத்து இருக்கும். எஸ் விறைப்பானது, வேகமாகச் சுழற்றுபவர்களுக்கு. நம்மில் பெரும்பாலோருக்கு ஆர் சரி. ஐம்பதைக் கடந்தவர்களும் தோள்வலி உள்ளவர்களும் எஃகை விட்டு கிராஃபைட் தண்டுக்குப் போகலாம். தண்டின் எடை பாதிக்கு அருகில் குறையும், அதிர்வும் குறையும். பந்து விலை உயர்ந்ததாக இருக்கத் தேவையில்லை. இடதுகைக்காரர்களுக்குப் பழைய செட் அரிதாகத்தான் கிடைக்கும். அவர்கள் கொஞ்சம் காத்திருக்க வேண்டும்.

மிச்சமாகும் பணத்தில் பயிற்சியாளரிடம் ஆறேழு பாடம் கேளுங்கள் என்று என் மாணவரிடம் சொன்னேன். கேட்டுக்கொண்டார். கேடி அண்ணன் மூலம், ஒரு டாக்டர் பயன்படுத்திய பிங் அயர்ன் இரண்டும் வெட்ஜ் இரண்டும் பட்டரும் வந்து சேர்ந்தன. கைப்பிடிகளை என் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து இருவரும் மாற்றினோம்; 7 அயர்னை அவரே தள்ளினார், முதல் முயற்சியிலேயே நேராக விழுந்தது. போன ஞாயிறு அந்த ஐந்தோடு ஒன்பது குழி ஆடினார். ஹைபிரிட்டும் 5-வுட்டும் இன்னும் வாங்கவில்லை. தீபாவளி ஆர்டர் முடியட்டும் என்றிருக்கிறார்.

வணக்கம்.